மைதானத்தில் மிஸ்ர சாபு

அன்று மாலை என் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டினார்கள். மைதானத்துக்குள் நுழைய அதுதான் அடையாளமாம். கைக்கடிகாரத்தைத் தவிர வேறெதையும் அணிந்தறியாத கை அது. முழுக்கைச் சட்டையின் நுனியை இழுத்து அந்தப் பட்டையை மறைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற என் மகள் சிரித்துவிட்டாள். "அப்பா, அத மூடி வெச்சா உள்ளயே விடமாட்டாங்க."

நான் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. திருவொற்றியூரில் எங்கள் இசைச் சபைக்குப் பல்லாண்டுகளாக நான்தான் செயலாளர். ஆண்டு விழாவின் நிறைவு நாளில் ஒரு திரையிசைக் குழுவை மேடையேற்றலாம் என்று தலைவர் முன்மொழியும்போதெல்லாம் எழுந்து நின்று மறுத்தவன். "கூட்டம்தான் வேண்டுமென்றால் சர்க்கஸைக் கூப்பிடுங்கள்" என்று நான் சொன்னது தேரடி வரைக்கும் பிரசித்தம். ஆயினும் சபை வேறு, வீடு வேறு. மகள் சிறுமியாக இருந்த காலத்தில் சாப்பாடு முடிந்ததும் வானொலியில் திரைப்பாடல் வைப்போம். பல்லவி முடிவதற்குள் ராகத்தைச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்களிருவருக்கும் போட்டி. தெருவில் போகிறவர்கள் காதில் விழாதபடி ஜன்னலைச் சாத்துவது அவள் வேலை. பெரும்பாலும் அவளே ஜெயித்தாள்.

அவள் இப்போது எண்ணூர்ப் பக்கம் சரக்குப் பெட்டகங்களைக் கப்பலேற்றும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், இரண்டு நுழைவுச்சீட்டுகள் வாங்கிவிட்டதாகச் சொன்னாள். முழு ஆர்கெஸ்ட்ரா, வயலின்களும் செல்லோக்களும் கொம்பு வாத்தியங்களும் மேடையிலேயே உட்கார்ந்து திரையிசையை வாசிக்கப்போகிறார்கள். "ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாதுப்பா. அதுக்கு நான் பொறுப்பு" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அதற்கான ஏற்பாடாக ஒரு முகக்கவசமும் வாங்கி வைத்திருந்தாள். அதை மாட்டிக்கொண்டுதான் மெட்ரோ ஏறினேன்.

எங்களுக்கு அடுத்த இருக்கைகளில் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். அந்த அம்மாள் என் முகக்கவசத்தைச் சந்தேகத்தோடு பார்த்தார். "இன்னா சார், ஒடம்பு சரியில்லியா? இரும்புறதுன்னா அந்தாண்ட திரும்பிக்கினு இரும்புங்க." கணவர் அவர் முழங்கையை இடித்தார். "பெரியவராண்ட இன்னா பேச்சு? கம்முனு குந்து." "நீ கம்முனு குந்துய்யா. ஜொரம் வந்தா நீயா கஞ்சி வெப்ப?" என் மகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர் கோலை உயர்த்தினார். வரிசை வரிசையாக வில்கள் ஒரே கோணத்தில் எழுந்து ஒரே கணத்தில் இறங்கின. வீட்டு வானொலியில் ஒரு மெல்லிய கோடாகக் கேட்டதெல்லாம் அங்கே அகலமும் ஆழமும் கொண்டு நெஞ்செலும்பில் வந்து மோதியது. செல்லோக்களின் நாதம் இருக்கையின் அடியிலிருந்து எழுந்தது. என் மூச்சு ஆவியாகி மூக்குக்கண்ணாடியில் படிய, வயலின்காரர்கள் மங்கிப்போனார்கள். பார்க்க முடியாமல் கேட்பதைப் பொறுக்க முடியவில்லை. முகக்கவசத்தைக் கழற்றி மகளிடம் கொடுத்தேன். அவள் என் காதருகே குனிந்து "சுத்த தன்யாசி" என்றாள். அன்றும் அவளே ஜெயித்தாள்.

நான்காவதோ ஐந்தாவதோ பாடல், ஏழு எண்ணிக்கையில் அமைந்தது. தகிட தகதிமி என்று மூன்றும் நான்குமாக நடக்கும் மிஸ்ர சாபு. உற்சாகம் தாங்காமல் மைதானம் முழுவதும் கைதட்டத் தொடங்கியது. ஆனால் தட்டியது நான்கு நான்காக. இரண்டு சுற்றுக்குள் தட்டு ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமும் போய்விட்டன. கச்சேரி கேட்டுப் பழகியவனின் கை இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. என்னையறியாமல் தொடையில் தாளம் விழுந்தது. சபையின் முன்வரிசையில் வித்துவான் பார்வைக்குத் தெரியும்படி போடுவோமே, அதே தோரணையில், தட்டும் வீச்சுமாக, கை தோள் உயரம் போய் வந்தது.

"யோவ், தப்புத் தப்பா தட்டிக்கினு கீற. பெரியவரு கையப் பாத்துத் தட்டுய்யா!" அந்த அம்மாள் கணவரை அதட்டினார். அவர் பார்த்துத் தட்டினார். அவருக்குப் பின்வரிசை தட்டியது. அடுத்த கணம் மேடையின் இருபுறமும் இருந்த ராட்சதத் திரைகளில் ஒரு கை தெரிந்தது. மஞ்சள் பட்டை ஒட்டிய கை. பிறகு படம் விரிந்து என் முகம், நரைத்த மீசை, சந்தனப் பொட்டு எல்லாம் ஆளுயரத்துக்கு மேல் வந்து நின்றன.

என் மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. கொடுத்த வாக்கு அவளுக்குப் பெரிது. முகக்கவசத்தை என் பக்கம் நீட்டினாள். "அப்பா, போட்டுக்கோங்க. எல்லாரும் ஃபோன்ல எடுக்கறாங்க."

கையை மடக்கிக்கொண்டு குனிந்திருக்கலாம். அப்படிச் செய்தால் என் பெயர் பிழைக்கும். ஆனால் அந்தத் திரையைப் பார்த்துத்தான் மைதானம் அப்போது ஏழுக்கு வந்துகொண்டிருந்தது. முதலில் எங்கள் பகுதி, பிறகு இடப்பக்கம், பிறகு கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றிருந்தவர்கள். நான் விட்டால் அத்தனை பேரும் மறுபடி நான்குக்குச் சரிந்துவிடுவார்கள். தாளச் சுற்றின் முதல் தட்டான சமம் வந்தது. கையை இன்னும் சற்று உயர்த்திப் போட்டேன். கடல் மாதிரி ஒரே தட்டு. நடத்துநர் திரையை நிமிர்ந்து பார்த்தார், மைதானத்தின் பக்கம் திரும்பி எங்களுக்கும் சேர்த்துக் கோலை வீசினார். என் மகள் முகக்கவசத்தைப் பைக்குள் திணித்துவிட்டு என்னோடு தட்டினாள். வாழ்நாளில் எத்தனையோ மேதைகளின் கச்சேரிகளை நடத்தி வைத்தவன் நான். அப்படியொரு தாளத்துக்குள் அதுவரை இருந்ததில்லை.

மறுநாள் காலை நடைப்பயிற்சிக்குப் போவதற்குள்ளாகவே அந்தக் காணொளி என்னை முந்திக்கொண்டது. பால் வாங்கும் இடத்தில் ஒருவர், "சார், நேத்து தூள் கெளப்பிட்டீங்களாமே" என்றார். அந்த வாரச் செயற்குழுவில் யாரும் என்னை நேராகப் பார்க்கவில்லை. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கைபேசியை மேசையின் நடுவே வைத்தார். "இது நீங்கதானுங்களே, செயலாளரய்யா?"

"நான்தான்."

"சர்க்கஸ்னு சொன்னவரும் நீங்கதானே?"

சுற்றிலும் மெல்லச் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். "முழுவதும் போட்டுப் பாருங்கள். ஓர் இடத்திலாவது தாளம் பிசகியிருந்தால் இப்போதே பதவியை விட்டு இறங்குகிறேன். பிசகவில்லையென்றால், நிறைவு நாளுக்கு எந்தக் குழுவை அழைப்பது என்று பேசுவோம். தேர்வு செய்வது நானாக இருக்க வேண்டும்."

தலைவர் காணொளியை ஓடவிட்டார். எல்லோரும் குற்றம் கண்டுபிடிக்கும் கண்ணோடு குனிந்தார்கள். முதல் சுற்று போயிற்று, இரண்டாவது போயிற்று. மூன்றாவது சுற்றில் தலைவரின் விரல் மேசை விளிம்பில் தகிட தகதிமி என்று தட்டத் தொடங்கியது. அவர் எடுப்பில் கொஞ்சம் பிசகினார். என் கையைப் பார்த்துத் திருத்திக்கொண்டார்.