பானெட் ஏன் சூடாக இருந்தது?

மூன்று வருடங்களுக்கு முன்பு, மார்கழிக் கடைசியில் கண்டனூரில் நடந்தது இது. காரைக்குடியில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவன் நான். அண்டா குண்டா ஏற்ற வாடகை வண்டியை நம்பி, இரண்டு தடவை பந்தி நேரத்தில் முழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தை முகூர்த்தங்களுக்கு முன் சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கிவிடுவது என்று இறங்கினேன்.

மெக்கானிக் நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் எனக்குத் திட்டுதான்.

"ராத்திரி பூரா ஆறிக் கெடந்த இஞ்சினைக் கெளப்புனாத்தாண்ணே அதோட வண்டவாளம் தெரியும். நீங்க பொண்ணு பாக்கப் போற மாதிரி ஏழு மணிக்கு வாறோம்னு போன்ல சொல்லிட்டீக. பவுடர் போட்டு உக்கார வச்சிருப்பாக, பாருங்க."

அப்படியேதான் இருந்தது. வீட்டு ஜன்னலை ஒட்டி நின்ற டீசல் வேனின் பானெட்டில் கை வைத்தேன். இட்லிக் கொப்பரை மூடி மாதிரி சுட்டது.

"ஜோடிச்சாச்சு. கெளம்புவோம்ணே" என்றார் நண்பர்.

வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, நாங்க வாறதுக்குள்ள இஞ்சினைச் சூடு பண்ணி வச்சிருக்கீகளே, எங்களைப் பாத்தா ஏமாளியாத் தெரியுதா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. "உள்ள ஒரு நிமிசம் வந்துட்டுப் போங்கண்ணே" என்றார்.

ஜன்னலோரக் கட்டிலில் அவர் கணவர் படுத்திருந்தார். என் வயதுதான். பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. அந்த வேனைப் பல வருடங்கள் ஓட்டியவர்.

"தெனமும் ஆறு மணிக்கு வண்டியெடுக்குறது இவுக வழக்கம்ணே. படுத்ததுலேருந்து நாந்தான் கெளப்பி, அரை மணி நேரம் ஓட விடுறேன். அந்தச் சத்தம் கேட்டாத்தான் இவுகளுக்குக் காபி எறங்கும். இன்னைக்கு நீங்க வாறீகளேன்னு யோசிச்சேன். மனசு கேக்கல. நாளைக்குக் கெளப்பாம வைக்கிறேன், வந்து பாருங்க."

ஜன்னல் திறந்தே இருந்தது. நான் கத்தியது அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கும். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்தேன்.

மறுநாள் போனபோது பானெட்டில் பனி படிந்திருந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் காபி, ஆடை கட்டிப்போய், தொடாமல் இருந்தது.

நண்பர் சாவியைத் திருகினார். மூன்றாவது முறைதான் பிடித்தது. வெள்ளைப் புகை. நடுவில் ஒரு தட்டல் சத்தம்.

உள்ளிருந்து அந்த அம்மாவின் குரல்: "அண்ணே, ரெண்டு விரலைக் காட்டுறாக! ரெண்டாவது சிலிண்டரைப் பாக்கணுமாம்!" உடனே கணவரிடம் திரும்பி, "விக்கிற வண்டிக்குக் குத்தம் சொல்ற ஆளு ஊருலயே நீங்க ஒருத்தர்தான்!" என்று அதட்டல்.

நண்பர் டீசல் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். முதல் குழாயைத் தளர்த்தியதும் இஞ்சின் திணறியது. இரண்டாவதைத் தளர்த்தியபோது சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்தச் சிலிண்டருக்கு டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வேலையே செய்யவில்லை. ஆயில் மூடியைத் திறந்தும் பார்த்தார்; இஞ்சின் தேய்ந்திருந்தால் அதன் வழியே புகை வரும், வரவில்லை. "அது ஒண்ணுதாண்ணே. மத்தபடி இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு."

பிறகு ஜன்னலில் தலையை நீட்டி, "கடையைச் சாத்திட்டு உங்ககிட்ட வேலைக்கு வந்துறவாண்ணே?" என்று கேட்டார். கட்டிலில் இருந்தவர் பாதி வாயால் சிரித்தார். புதுசாகக் காபி வந்தது, குடித்தார்.

"நேத்துப் பேசுனதை மனசுல வச்சுக்காதீக" என்றேன். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். வேனை வாங்கிக்கொண்டேன்.

ஓட்டி வரும்போதுதான் உறைத்தது, நாளை ஆறு மணிக்கு அவருக்கு எந்தச் சத்தம்? தினமும் போக என் தொழில் விடாது. ஆனால் அந்தப் பக்கம் வேலை இருக்கும் நாளெல்லாம் ஆறு மணிக்கு அந்த ஜன்னலோரம் வண்டியை நிறுத்தி, கொஞ்ச நேரம் இஞ்சினை ஓடவிட்டு நிற்பேன். விரல் எதுவும் உயராவிட்டால் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போதெல்லாம் யாரையாவது சத்தம் போட வாயெடுக்கும்போது, பக்கத்தில் அந்த ஜன்னல் திறந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.