வயிறு தேறிய பிறகு

என்னை முதன்முதலில் மெண்டல் என்று சொன்ன வாயை நான் மறக்கவில்லை. இரண்டாயிரத்து எட்டு வாக்கில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில், எங்கள் செக்கிங் பிரிவுக்குச் சூப்பர்வைசராக இருந்தவரின் வாய் அது. மீஞ்சூரில் ரயிலேறி வரும் என் டிபன் டப்பாவைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. பழைய சோறு நாறுகிறது, இனி கேண்டீனுக்குள் கொண்டுவராதே என்றார். கொண்டுவருவதை நிறுத்திவிட்டேன்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு டைபாய்டு. பை நிறைய ஆன்டிபயாடிக் மாத்திரை. காய்ச்சல் போனது, நான் பழைய ஆளாகத் திரும்பவில்லை. வயிறு ஓயாமல் பொருமும். எதற்கென்று தெரியாமல் எரிச்சல், அழுகை. ஒருநாள் மூடியில் பிசிறு பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "இன்னாம்மா, மெண்டல் ஆயிட்டியா நீ?"

அதையே ஆபீசில் எழுதியும் கொடுத்தார். என்னைச் செக்கிங்கிலிருந்து தூக்கிப் பெருக்குகிற வேலையில் போட்டார்கள்.

பொன்னேரியில் ஒரு டாக்டரம்மாதான் என் வயிற்றைப் பற்றி விசாரித்தார். குடலில் நல்ல கிருமிகளும் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன, அவை மூளைக்கும் சேதி அனுப்புகின்றன, மாத்திரை அவற்றையும் வாரிக்கொண்டு போயிருக்கலாம் என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் தயிரும் பழைய சோறும் சாப்பிட்டுப் பார் என்றார். மூன்று மாதத்தில் தேறினேன். துடைப்பம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

மறுவருடம் சூப்பர்வைசருக்கும் அதே காய்ச்சல், அதே மாத்திரை. திரும்பி வந்தவர் ரிஜிஸ்டரைப் பார்த்தபடியே கண்கலங்கினார். முதுகுக்குப் பின்னால் அவருக்கும் அதே பெயர் வைத்தார்கள். டாக்டரம்மா சொன்னதை நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தினமும் கேண்டீனில் அவர் கண்ணெதிரே உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, பழைய சோற்றைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டேன். தடுக்க அவருக்குத் தெம்பில்லை. அவ்வளவு ருசியாக நான் அதற்குமுன் சாப்பிட்டதில்லை.

ஒருநாள் அவரே என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஒனக்கும் இப்டித்தான இருந்துச்சி? இன்னா பண்ணி சரியாச்சி?"

"அது தானா சரியாயிடும் சார்" என்றேன். டப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் திறந்தே இருந்தது.

அந்த மாதமே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது, மறைக்க மாட்டேன். முன்பு நான் அழுததற்கும் எரிந்து விழுந்ததற்கும் கிருமிகள்மேல் பழி போட்டுக்கொள்ளலாம். இதற்கு முடியாது. அப்போது என் வயிறு நன்றாகத்தான் இருந்தது.