துறைமுகத்துக்கு வழி கேட்ட காலை

“...இவ்வளவு நல்லாச் சிரிச்சிக்கிட்டு வழி சொல்றான் எண்டா, உள்ளுக்க என்னவோ இரிக்கி. கால எட்டி வை மச்சான்!”

கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வாசலில் என் அக்காவின் புருஷன் என் காதுக்குள் சொன்னது இது. ஐம்பதுகளில் ஒரு காலை. போன வாரம் அதே வாசலில் முச்சக்கர வண்டி ஒன்றில் ஏறினேன். டிரைவரின் போனுக்குள் இருந்து ஒரு பெண் இடப்பக்கம் திரும்பச் சொன்னாள். அவனும் மறுபேச்சில்லாமல் திரும்பினான். மச்சான் இருந்திருந்தால், அவளுக்கு எந்த ஊர், வாப்பா யார் என்று விசாரிக்காமல் விட்டிருக்க மாட்டார்.

கல்முனையிலிருந்து நாங்கள் ஊர் பார்க்க வரவில்லை. மச்சானின் காக்கா, அவருடைய மூத்த சகோதரர், அன்று ஹஜ்ஜுக்குக் கப்பலேறுகிறார். புறப்படுமுன் வீடு வீடாகப் போய், செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். காக்காவும் வந்தார். ஒரு கலியாண விருந்தில் சகனில், ஒரே பெரிய தட்டில், சேர்ந்துண்ணக் காக்கா கூப்பிடவில்லை என்று இரண்டு வருஷமாகச் சலாம் சொல்லாத மச்சானோ, அறைக்குள் படுத்தபடி, தூங்குவதாகச் சொல்லியனுப்பிவிட்டார். காக்கா வாசலோடு திரும்பினார். மூன்றாம் நாள்தான் மச்சான் என்னையும் இழுத்துக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டார். அந்தக் காலத்தில் ஹஜ்ஜுக்குப் போனவர் திரும்பி வருவது அல்லாஹ்வின் கையில்.

ஸ்டேஷனில் சிரித்தபடி வழி காட்டிய காற்சட்டைக்காரர் சொன்னது இவ்வளவுதான்: “நேரா நடங்க, பத்து நிமிஷம், துறைமுகம்.”

“அவ்வளவு பெரிய துறைமுகத்த ஸ்டேஷனுக்குப் பக்கத்திலயா வச்சிரிப்பான்?” என்றார் மச்சான். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நானும் அதே ஊர்த் தண்ணீர் குடித்தவன்தானே. வெற்றிலைக் கடைக்காரரிடம் கேட்டோம். அவரும் நேரே கையைக் காட்டினார்.

“பாத்தியா, ரெண்டு பேரும் ஒரு கூட்டம்!”

கடைசியில், தலைக்கு மேலே மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் அந்தக் காலத்துப் பஸ்ஸில் ஏறினோம். கம்பியை விட்டு அது எங்கும் ஏமாற்றிக் கொண்டுபோகாதாம்! அது எங்களைப் பொறளையில் இறக்கியது. கடற்கரை ஆட்களின் மூக்கு எங்களுக்கு. அங்கே உப்புக் காற்றே இல்லை.

திரும்பி வந்து ஓடினோம். இறங்குதுறை முழுக்க, கப்பலால் வந்த வெள்ளைக்காரர்களும், அவர்களைச் சுற்றி இரத்தினக்கல் விற்பவர்களும் பாம்பாட்டிகளும். காசு வைத்த இடுப்பு வாரை இறுக்கிப் பிடித்தபடி மச்சான் அவர்களுக்குள் புகுந்தார். இன்றைக்கு அந்தப் பாம்பாட்டிகளும் இல்லை, ஹஜ்ஜுக் கப்பலும் இல்லை; ஒரே நாளில் ஆகாயத்தால் போய்விடுகிறார்கள்.

நாங்கள் படியில் கால் வைத்தபோது, ஹாஜிமாரின் லாஞ்சு நடுத்துறைமுகத்தில் நின்ற கப்பலை நோக்கிப் பாதித் தூரம் போய்விட்டது. எல்லாம் வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி.

“காக்கோவ்! மாப்புத் தாங்க காக்கா!”

லாஞ்சில் இருந்த அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள்.

“அதுல காக்காவும் தூக்கினாரா? நீ கண்டியா?”

எனக்கு எந்தத் தொப்பிக்குக் கீழே எவர் என்றே தெரியவில்லை. “ஓம் மச்சான், கண்டன். ரெண்டு கையையும் தூக்கினார்” என்றேன்.

மச்சான் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, எந்தப் பக்கம் நின்றார் என்றுகூடக் கேட்காமல், படியில் உட்கார்ந்து சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.