முகப்பைப் பார்க்காதவள்

எங்கள் குடும்பத்தில் யார் நகை வாங்கப் போனாலும் சித்தியைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. துணி தைக்கிறவள், துணியின் யோக்கியதை உள்பக்கத் தையலில் தெரியும் என்பாள். நகையிலும் அதே கதைதான். முகப்பைப் பார்க்கவே மாட்டாள், கையில் வாங்கியதும் கவிழ்த்துவிடுவாள். பற்றவைத்த இடங்களை நகத்தால் வருடுவாள். மெல்லிய துணியில் இழுத்து, நூல் மாட்டுகிறதா என்று பார்ப்பாள். கொக்கியைக் காதோரம் வைத்துத் திறந்து மூடுவாள். கடைக்காரர்கள் அவளைக் கண்டதுமே உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார்கள். மரியாதை பாதி, பயம் பாதி.

இந்த வித்தையெல்லாம் சித்தப்பாவிடமிருந்து வந்தது. அவருக்கு நகைப் பட்டறையில் வேலை. இணைப்பில் பொடி வைத்து அவர் ஊதிப் பற்றவைத்தால் பின்பக்கத்திலும் சுவடு தெரியாது. சித்திக்கோ பொடி வைத்துப் பேசவே வராது. எதையும் போட்டு உடைத்துவிடுவாள். வீட்டுப் பொடி மொத்தத்தையும் மனுஷன் பட்டறைக்கே கொண்டுபோய்விட்டார் என்று அம்மா கேலி செய்வாள்.

எனக்கு ஒரு வெள்ளி வளையல் எடுக்க, சித்தப்பா வேலை செய்துகொடுக்கும் கடைக்கே போனோம். இலையும் கொடியுமாக வேலை செய்த ஒரு வளையல் எனக்குப் பிடித்தது. சித்தி வாங்கிக் கவிழ்த்தாள். நகம் ஓரிடத்தில் நின்றது.

"இதைச் செஞ்ச ஆளுக்குக் கை நடுங்குது," என்றாள், கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "பாருங்க, பொடி வழிஞ்சு கட்டிகட்டியா நிக்குது. இனிமே இந்தக் கையை நம்பி வேலை குடுக்காதீங்க."

நான் சிரித்தேன். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இது உங்க வீட்டுக்காரர் செஞ்சதும்மா. அவர் வேலையைத் திருப்பிப் பாக்கணும்னு எனக்குத் தோணினதே இல்ல."

சித்தி அப்போதுதான் வளையலை நிமிர்த்தினாள். இலை நுனியில் சித்தப்பா போடும் அந்தச் சின்னச் சுழி. ஊரில் வேறு யாருக்கும் வராத சுழி. ஒரே ஒரு தடவை முகப்பைப் பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்கவே மாட்டாள். இதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று முணுமுணுத்தாள்.

வழியெல்லாம் அவள் தலை நிமிரவில்லை. சொந்த வீட்டுச் சோற்றில் தானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். என் சிரிப்பு என்னையே பிடுங்கித் தின்றது. கொஞ்ச நாளாகவே சித்தப்பா டம்ளரில் பாதிதான் ஊற்றச் சொல்கிறார் என்பது எனக்கும் தெரியும். டீயில் என்ன கஞ்சத்தனம் என்று சித்தி கிண்டல் செய்வாள். நானும் கூடச் சேர்ந்துகொள்வேன். நிறைய இருந்தால் சிந்திவிடும் என்பது இப்போதுதான் உறைத்தது.

நாங்கள் போனபோது அவர் வீட்டில்தான் இருந்தார். என்ன வாங்கினோம் என்று கேட்டுக் கை நீட்டினார். வளையலை வாங்கியதும் முகம் மாறியது. கவிழ்க்கவில்லை, பின்பக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"பின்பக்கம் பாத்தியா?"

"இல்லீங்க. பிள்ளைக்குப் பிடிச்சிருந்தது, எடுத்துட்டோம்."

வாழ்நாளில் பொய்யே வராத வாய், தரையைப் பார்த்தபடி சொன்னது. சொன்ன கையோடு அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். டீ கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பாதி டம்ளர்தான் இருந்தது. பாதி போதும் என்று அவர் சொல்லவே இல்லை.

சித்தப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டே," என்றார்.

சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தது மட்டும் இல்லீங்க. கடையில சொல்லிட்டேன்."