தனலட்சுமி மேடத்தின் காத்திருப்பு நாட்கள்

தனலட்சுமி மேடம் போய்விட்டார் என்று அவருடைய கணவர் ஆறுமுகம்தான் கோவையிலிருந்து தொலைபேசியில் சொன்னார். "தூக்கத்துலயே போயிட்டாளுங்க. உங்ககிட்டச் சொல்லோணும்னு தோணுச்சு." மஸ்கட்டின் ரூவிப் பகுதியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஐரோப்பியர்களின் அன்றைய புது ராக்கெட்டுக்குக் கால அட்டவணை போட்டவர்களில் நம் ஊர்ப் பெண் ஒருவரும் இருந்தார். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிரான்சில் ஒரு தொழிற்சாலையில், எஞ்சின் சோதனைகளில் எது முன்னால், எது பின்னால் என்று திட்டமிடும் பிரிவில் இருந்தவர். கணவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்ததால், ராக்கெட் பறப்பதற்கு முன்பே கிளம்பி வந்துவிட்டார். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றை எங்கள் கம்பெனி கட்டிக்கொண்டிருந்தது. அதன் அட்டவணை அவர் கைக்குப் போனது. ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் சில நாட்களைக் காலியாக விட்டு, 'காத்திருப்பு' என்று குறித்தார்.

நான் தூத்துக்குடிக்காரன், வாய் சும்மா இருக்காது. "மேடம், கம்பெனி காசுல தூங்கதுக்கா இது?" என்று சீண்டினேன்.

"முந்தின ராக்கெட்டை நாட்டுக்கொரு அடுக்காப் பண்ணுனாங்க. ஆளாளுக்கு ஒரு தேதி. திரும்பத் திரும்பக் கோளாறாகி, கடைசில கைவிட்டுட்டாங்க. ஏதோ ஒண்ணு தப்பாகும்னு நெனச்சேதான் நாளு ஒதுக்கோணுங்க" என்றார்.

1979 டிசம்பரில் புது ராக்கெட்டின் முதல் பயணம். எஞ்சின்கள் எரியத் தொடங்கிய உடனே அணைந்துவிட்டன, ராக்கெட் நகரவே இல்லை என்று ரேடியோவில் செய்தி வந்தது. ஆபீஸே சிரித்தது. மேனேஜர் கோபாலன், மெட்ராஸ்காரர், நேரே அவர் மேஜைக்கு வந்தார்.

"என்னம்மா, உங்க ராக்கெட் புஸ்ஸுன்னு ஆயிடுச்சே!"

"இல்லீங்க சார். சந்தேகம் வந்ததும் தானா அணைச்சுக்கிச்சு. முழுசா நிக்குது. பார்த்துச் சரிபண்ணி அனுப்புவாங்க."

கோபாலன் சிவப்புப் பென்சிலை எடுத்து, எங்கள் கொதிகலன் சோதனைக்குப் பின்னிருந்த காத்திருப்பு நாட்களை அடித்தார். "திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு. கையெழுத்துப் போடுங்க."

"கொதிகலன் பக்கத்துல ஆளுங்க நிப்பாங்க சார். நான் நம்பாத தேதிக்குக் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

"உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் விசா குடுத்த கஃபீல் ஒருத்தர்தான். ரெண்டு பேர் விசாவும் கலாஸ் ஆயிடும், தெரியுமில்ல?"

அடுத்த மேஜையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த ஆறுமுகம் தலை நிமிராமலே, "பொட்டி கட்டோணும்னா கட்டிக்கலாம், விடு தனம்" என்றார். கிறிஸ்துமஸ் வரைக்கும் யோசிக்கச் சொல்லிவிட்டு கோபாலன் போனார். அன்றிலிருந்து நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. மேடம் வழக்கம்போல வந்தார், வேலை பார்த்தார்.

கிறிஸ்துமஸ் காலை மாதா கோவிலுக்குக் கிளம்பும்போது ரேடியோ சொன்னது: ராக்கெட் பறந்துவிட்டது. கோவிலை மறந்து அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்பே கோபாலன் ஒரு டப்பா அல்வாவோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். "கங்கிராஜுலேஷன்ஸ்மா, சாதிச்சுட்டீங்க!"

மேடத்தின் கண்கள் கலங்கியிருந்தன. ஆனாலும், "காத்திருக்க ஒதுக்கின நாளுக்குள்ளயே போயிருச்சுங்க சார்" என்றார். "அல்வா இருக்கட்டும். என்ற காத்திருப்பு நாளைத் திருப்பிக் குடுங்க."

கோபாலன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "எடுத்துக்கோங்கம்மா. உங்ககிட்ட யார் பேசறது!"

கொதிகலன் சோதனையில் ஒரு கோளாறும் வரவில்லை. அந்தக் காத்திருப்பு நாட்களில் நாங்கள் சீட்டு ஆடினோம். "பாத்தீங்களா, ஒண்ணுமே ஆகலியே" என்று கோபாலன் முணுமுணுத்தார். "ஆகாம இருந்தா சந்தோசந்தானுங்க சார்" என்றார் மேடம்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம். நம்பாத தேதிக்கு நானும் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் துபாயில் ஒரு வேலை போயிற்று, ஜுபைலில் ஒரு வேலை போயிற்று. இரண்டு முறையும் வீட்டுக்கு வந்து மனைவியிடம் தலை நிமிர்ந்துதான் சொன்னேன்.