யாருக்கும் தராத நட்சத்திரம்

ராட்டினக்காரர்கள் குளிர்காலத்தில் தங்கும் யார்டு விலைபோய்விட்டது என்ற செய்தி, வெதர்கோட் குழந்தைகள் பள்ளிக்கு உருளைக்கிழங்கோடு சேர்ந்து வந்தது. சமையற்கட்டில் மூட்டையை இறக்கிய வண்டிக்காரன் சொன்னான். அவனுக்குச் சொன்னது கறிக்கடைக்காரர். கறிக்கடைக்காரருக்கு யார் சொன்னது என்று கேட்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. சமையற்காரி நோரீன் மாவுக் கையைக்கூடத் துடைக்காமல், பிள்ளைகள் கோட் மாட்டும் நடைக்கு ஓடி வந்தாள். அங்கே உதவி ஆசிரியை செலீனா, ஒரு பையனின் கோட் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"சேதி தெரியுமா? யார்டை வித்துட்டாங்களாம். சூப்பர் மார்க்கெட் வருதாம். ராட்டினக்காரங்க இந்தக் குளிருக்கு இந்தப் பக்கமே தலை வைக்க மாட்டாங்களாம்."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"ஊருன்னா உருளைக்கிழங்குக்காரனா?"

"அவனை லேசா நினைக்காத. போன வருஷம் கேரட் விலை ஏறும்னான். ஏறிச்சா இல்லையா?"

பையனின் ஜிப்பை மேலே இழுத்த செலீனா, அவன் மோவாயையும் சேர்த்து இழுத்துவிட்டாள். "மிஸ், அது நானு!" என்று அவன் கத்தியதும்தான் சுதாரித்தாள்.

சுவரில் வரிசையாகக் கொக்கிகள். எழுத்துக் கூட்டத் தெரியாத வயது என்பதால், ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் பெயருக்குப் பதில் ஒரு படம்: குடை, நத்தை, பேரிக்காய், தபால் பெட்டி. நான்கு வயதில் கிடைக்கும் படம் ஏழு வயதில் பள்ளியை விட்டுப் போகும்வரை கூடவே வரும். அதற்குப் பிறகும் லேசில் விடாது. ஊர்ப் பாதிரியாரை இன்னமும் சிலர், அவர் கொக்கிப் படத்தை வைத்து, வாத்து என்றுதான் சொல்வார்கள். வரிசையின் கடைசியில் கெட்டில் படம். அதில் மட்டும் பிள்ளையின் கோட் கிடையாது, செலீனாவின் ஏப்ரன்தான் தொங்கியது. பள்ளி திறந்த நாளிலிருந்தே, வேறு யாரும் பிடித்துவிடக் கூடாது என்று அவள் மாட்டி வைத்திருந்தாள். பஸ்ஸில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பது போலத்தான்.

கெட்டில், டால்சியின் கொக்கி. டால்சி ராட்டினக்காரர் வீட்டுப் பெண். ஈஸ்டரிலிருந்து கடைசித் திருவிழாவரை அவள் குடும்பம் ஊர் ஊராகப் போகும். ராட்டினங்களைக் கழற்றி, எண்ணெய் போட்டு, தார்ப்பாய் மூடிக் குளிர்காலத்தைக் கழிக்க வெதர்கோட் யார்டுக்கு வரும். அப்போதுதான் டால்சிக்குப் பள்ளி. நவம்பர் நடுவில் வந்து சேருவாள். அதற்குள் மற்ற பிள்ளைகளுக்கு எல்லாம் முடிவாகியிருக்கும்: யார் பக்கத்தில் யார், யாருக்கு யார் சிநேகம், கிறிஸ்துமஸ் நாடகத்தில் யார் மரியாள், யார் ராஜா.

இது செலீனாவுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டிய விஷயமில்லை. அவளே அந்த யார்டில் பிறந்தவள். அப்பா தொட்டில் ராட்டினம் வைத்திருந்தார். இதே பள்ளிக்கு, இதே நவம்பர் மாதத்தில், மூன்று குளிர்காலம் வந்தாள். மூன்று நாடகத்திலும் அவளுக்கு மிச்சமிருந்த வேஷம் ஆடு. அதே கம்பளித் தோல்தான். வருஷத்துக்கு வருஷம் அது குட்டையாகி, மூன்றாம் வருஷம் இடுப்போடு நின்றுவிட்டது. 'மே' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கிடைக்கவில்லை. அதற்காக அவள் வருத்தப்பட்டதாகவும் சொல்ல முடியாது. 'மே' என்பதைப் பிரமாதமாகக் கற்றுக்கொண்டாள். கல்யாணத்தன்று விருந்தில் கத்திக் காட்டச் சொன்னார்கள். அவள் கத்தியதும் பக்கத்து வயலிலிருந்து நிஜ ஆடு பதில் கொடுத்தது. மாப்பிள்ளை உள்ளூர்க் குழாய் ரிப்பேர்க்காரர். அவருக்காக ஊரில் தங்கியவள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு பிள்ளை வளர்த்தாள். ராட்டினக்காரர்களிடம் ஊர்க்காரியாகவும், ஊரிடம் ராட்டினக்காரியாகவும் காலத்தை ஓட்டினாள்.

போன வருஷம் டால்சியும் ஆடு. நாடகம் முடிந்ததும் காதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அடுத்த வருஷமும் ஆடுதானா மிஸ்?"

யோசிப்பதற்குள் செலீனாவின் வாய் முந்திக்கொண்டது. "இல்ல கண்ணு. அடுத்த வருஷம் நீதான் நட்சத்திரம்."

யாருக்கு என்ன வேஷம் என்று சொல்ல உதவி ஆசிரியைக்கு ஏது அதிகாரம்?

செப்டம்பரில் வகுப்புக்குப் புதிதாக வந்த ஆசிரியை மிஸ் பாஸ்கோ நல்ல பெண், சின்ன வயசு. செலீனா தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். "நட்சத்திரத்துக்கு வசனம் இல்ல, ஒத்திகை வேண்டாம். மூணு ராஜாவுக்கு முன்னாடி நடக்கத் தெரிஞ்சா போதும். நவம்பர்ல வந்தாக்கூட சமாளிச்சிடலாம். ஆனா வருவாதானே?"

"வராம எங்க போவா?" என்றாள் செலீனா. ராட்டினக்காரர்கள் காலண்டர் மாதிரி. அந்த நம்பிக்கை.

அந்தப் பருவம் வழக்கம்போல ஓடியது. அறுவடைத் திருநாளுக்குப் பிள்ளைகள் வீட்டு அலமாரிகளில் யாரும் தொடாத டின்களையெல்லாம் கொண்டுவந்து குவித்தார்கள். நோரீன் கோதுமைக் கட்டு வடிவத்தில் பெரிய ரொட்டி சுட்டு, அதன்மேல் ஒரு ரொட்டி எலியையும் வைத்திருந்தாள். பாதிரியார் ஜெபிக்கக் கண்ணை மூடித் திறப்பதற்குள் எலி காணாமல் போயிருந்தது. முன்வரிசையில் ஒருவன் வாய் திறக்காமல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். மரத்தடியில் உதிர்ந்த கஷ்கொட்டைகளைப் பொறுக்கி விளையாடும் வாரம் வந்தது. பேன் வாரமும் வந்தது. வகுப்பே தலையைச் சொறிந்தது, பாடம் நடத்தியவளும் சொறிந்தாள். நவம்பர் நடுவும் போனது, டால்சி வரவில்லை. டிசம்பரில்தான் அந்த உருளைக்கிழங்குச் செய்தி.

ஞாயிற்றுக்கிழமை செலீனா யார்டுக்கு நடந்தே போனாள். கேட்டில் பூட்டு. உள்ளே லாரி இல்லை, கேரவன் இல்லை. மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளங்களும், அதில் குளித்துக்கொண்டிருந்த காக்கைகளும்தான். நின்ற இடத்திலிருந்தே டால்சியின் அம்மா டாம்சினைப் போனில் கூப்பிட்டாள்.

"யார்டை வித்துட்டீங்களா?"

"யாரு? நாங்களா? எந்தக் கழுதை சொல்லிச்சு?" டாம்சினின் குரலுக்குப் பின்னால் ராட்டின இசை கேட்டது. "விக்கவும் இல்ல, கொடுக்கவும் இல்ல. லீட்ஸ்ல கிறிஸ்துமஸ் சந்தையில இடம் கிடைச்சிருக்கு அக்கா. டீ கப்பு ராட்டினத்தை இங்க போட்டிருக்கோம். புது வருஷம் வரைக்கும் இங்கதான்."

செலீனாவுக்கு நிம்மதி வந்த வேகத்திலேயே போனது. "அப்ப டால்சி பள்ளிக்கூடம்?"

"பாடம் எல்லாம் அனுப்பறாங்க. கேரவன்ல உக்காந்து எழுதுது."

"நாடகம், டாம்சின்?"

டாம்சினின் குரல் தணிந்தது. "தினமும் கேக்கறா. என்ன சொல்றது? வியாழக்கிழமை கூட்டம் அள்ளும், அவ அப்பா எலியாஸ் எப்படிக் கடையைப் போட்டுட்டு வருவாரு? இருங்க, போனைப் பிடுங்கறா..."

"மிஸ்!" டால்சி மூச்சு வாங்கினாள். "என் கொக்கி இருக்கா?"

"இருக்கு கண்ணு. என் ஏப்ரனைப் போட்டு வச்சிருக்கேன்."

"நட்சத்திரம்?"

"இருக்கு."

"யாருக்கும் தராதீங்க. அப்பா பல்பு..." அதற்குள் போன் அம்மாவின் கைக்குப் போய்விட்டது. "பார்க்கலாம் அக்கா," என்றாள் டாம்சின்.

வெதர்கோட்டில் பார்க்கலாம் என்றால் அனேகமாக இல்லை என்று அர்த்தம். ராட்டினக்காரர்களிடம் பார்க்கலாம் என்றால் அனேகமாக ஆமாம். செலீனா இரண்டு பக்கமும் பாதிப் பாதி. வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பள்ளி வாசலில் சங்கதி பரவ எத்தனை நேரம் ஆகும்? திங்கள் காலையே, டால்சியின் வகுப்புப் பெண் இமோஜனின் அம்மா பிலிப்பா வழிமறித்தாள். அவள் குடையைக்கூட இஸ்திரி போட்டது போல வைத்திருப்பவள்.

"நட்சத்திரத்துக்கு ஆள் இல்லையாமே? சும்மா ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்னுதான். இமோஜனுக்கு வெள்ளி ஜிகினாவுல ஒரு கவுன் தைச்சேன். வேற எதுக்கோ தைச்சதுதான், ஆனா பாருங்க, அப்படியே நட்சத்திரம்!"

"வேற எதுக்கு?" என்று கேட்டாள், பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நோரீன்.

பிலிப்பா காது கேளாதவள் போலப் போய்விட்டாள்.

மிஸ் பாஸ்கோ மதியம் செலீனாவைத் தனியாகக் கூப்பிட்டாள். முகத்தில் சங்கடம். "எனக்கும் மனசே இல்ல செலீனா. ஆனா நாடகத்துக்கு மூணே நாள்தான். ராஜாங்க யார் பின்னாடி போவாங்க? போன ஒத்திகையில தீயணைப்பு மணி விளக்கு பின்னாடி போய்ட்டாங்க."

"சரி. இமோஜனுக்கே குடுங்க," என்றாள் செலீனா. சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். கொக்கியிலிருந்து ஏப்ரனை மட்டும் எடுக்கவில்லை.

புதன்கிழமை கடைசி ஒத்திகை. இமோஜன் ஜிகினா கவுனில் பளபளவென்று வந்தாள். காகித நட்சத்திரத்தைக் கையில் கொடுத்தார்கள். ராஜாக்கள் தயாராக நின்றார்கள். இமோஜன் இரண்டு அடி வைத்தாள். நட்சத்திரத்தைப் பத்திரமாகத் தரையில் வைத்தாள். முழங்கால் போட்டு, நேராக ஆட்டு மந்தைக்குள் நுழைந்து உட்கார்ந்தாள்.

"இமோஜன்! எழுந்திரு கண்ணு. நீ நட்சத்திரம்," என்றாள் மிஸ் பாஸ்கோ.

"இல்ல. நான் ஆடு."

"ஏன்டா செல்லம்?"

"நட்சத்திரம் தவழக் கூடாதாம். கத்தவும் கூடாதாம். அப்புறம் எதுக்கு?" இமோஜன் பக்கத்து ஆட்டின் காதைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, "மே!" என்றாள். கேட்டுக்கொண்டிருந்த செலீனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுத்தமான குரல். வயல் ஆடு பதில் கொடுக்கும்.

ஒத்திகை பார்க்க வந்திருந்த பிலிப்பா கெஞ்சினாள், மிரட்டினாள், சாக்லேட் என்றாள். வெள்ளி ஆடு அசையவில்லை.

"அப்ப நட்சத்திரத்தை யாரு தூக்குறது?" என்றாள் மிஸ் பாஸ்கோ, தலையில் கை வைத்து.

"நான் தூக்கறேன்," என்றாள் செலீனா. "ஆடா மூணு வருஷம் இருந்தாச்சு. இதுவும் ஆகட்டும்." அன்று மாலை டாம்சினுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: நட்சத்திரம் இன்னும் யார் கையிலும் இல்லை, நாளை இரண்டு மணிக்கு நாடகம். பதில் வரவில்லை.

வியாழன் இரண்டு மணிக்கு ஹால் நிரம்பிவிட்டது. ஆறடி அப்பாக்கள் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். திரைச்சீலையை இழுத்து மூடி ஹாலை இருட்டாக்கினார்கள். யோசேப்பு மூக்கில் விரலோடு மேடை ஏறினான். மரியாள் கூட்டத்தில் பாட்டியைக் கண்டு கையாட்டி, குழந்தை ஏசுவைத் தலைகீழாகப் பிடித்தாள். இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது. அது முடிந்தால் நட்சத்திரம் வரவேண்டும்.

செலீனா கோட் மாட்டும் நடையில், கையில் காகித நட்சத்திரத்தோடு நின்றாள். பின்னால் மூன்று ராஜாக்கள். அதில் ஒருவனுக்குக் கிரீடம் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

"மிஸ், நீங்களா நட்சத்திரம்?"

"ஆமாடா."

"நட்சத்திரத்துக்குக் கண்ணாடி கிடையாதே."

"இந்த நட்சத்திரத்துக்குக் கிட்டப்பார்வை. பேசாம நில்லு."

கடைசியாக ஒருமுறை என்று போனை எடுத்தாள். வராவிட்டாலும் பரவாயில்லை, டால்சியிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம், அடுத்த குளிர் இருக்கிறது என்று சொல்லலாம் என்று டாம்சினைக் கூப்பிட்டாள். மணி போனது. எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போனது.

அப்போது எங்கிருந்தோ ராட்டின இசை கேட்டது. முதலில் மெலிதாக, பிறகு கிட்டே. செலீனா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போனுக்குள்ளே மணி ஒருமுறை அடிக்கும்போது வெளியே இசையும் ஒருமுறை எழுந்தது.

நடையின் கோடியில் கதவு படாரென்று திறந்தது. ஈரக்காற்றோடு டாம்சின், முதுகைக் காட்டியபடி பின்புறமாக நடந்து உள்ளே வந்தாள். தோளில் ஒயர் சுருள். இரண்டு கையாலும் அணைத்திருந்தது ஒரு நட்சத்திரம்: மரத்தில் அறுத்து, ராட்டினச் சிவப்பும் தங்கமும் பூசி, விளிம்பெல்லாம் டீ கப்பு ராட்டினத்து பல்புகள் பதித்தது. அவள் கோட் பையில் போன் ராட்டின இசையாக அடித்துக்கொண்டே இருந்தது.

"இந்த நேரத்துல எந்தப் புண்ணியவான்!" என்று அவள் மூச்சிரைத்தாள். "கை காலியா இல்ல, அடிக்கட்டும். அக்கா, வழிய விடுங்க! எலியாஸ் கடையப் போட்டுட்டு வர முடியாதுன்னு இதைக் கட்டிக் குடுத்தாரு. வழியெல்லாம் கூட்டம். முடிஞ்சிடலையே?"

அம்மாவின் முழங்கை இடுக்கில் நுழைந்து டால்சி வந்தாள். ரப்பர் பூட்ஸ், சேற்றோடு. யாரையும் பார்க்கவில்லை. நேராக வரிசையின் கடைசிக்குப் போனாள், எக்கி ஏப்ரனை எடுத்துச் செலீனாவிடம் நீட்டினாள், தன் கோட்டைக் கெட்டிலின் கீழே மாட்டினாள்.

"ப்ளக் எங்க மிஸ்?"

செலீனா காகித நட்சத்திரத்தைக் கிட்டே இருந்த ராஜாவின் கையில் திணித்துவிட்டு, ஏப்ரனைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒயர் முனையைப் பிடித்தபடி சுவரோரம் குனிந்தாள். பல்புகள் பளிச்சென்று எரிந்தன. "ஓ!" என்றான் கிரீடம் கழுத்தில் தொங்கியவன். உள்ளே இரண்டாவது பாட்டு முடிந்தது. டால்சி நட்சத்திரத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, ராஜாக்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இருட்டுக்குள் நடந்தாள். ராஜாக்கள் பின்தொடர, ஒயரை விட்டுக்கொடுத்துக்கொண்டே அம்மா கடைசியாகப் போனாள்.

ஹாலில் யாரோ "அடேயப்பா!" என்றார்கள். வெள்ளி ஆடு கத்தியது. செலீனாவின் கையில் இருந்த போன் இன்னமும் டாம்சினைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்தவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. டாம்சினின் பையிலிருந்து ராட்டின இசை கூட்டத்தின் நடுவே, மூன்று ராஜாக்களுக்கும் பின்னால், அடித்துக்கொண்டே போனது.