கறண்ட் போனது அக்காவுக்கு, அழைப்பு வந்தது எனக்கு

எங்கள் குடும்பத்தில் யார் எங்கே எந்தப் படிவம் நிரப்பினாலும், தொலைபேசி இலக்கம் கேட்கிற இடத்தில் என்னுடைய இலக்கத்தைத்தான் எழுதுவார்கள். "அவள் கதைப்பாள்" என்பதுதான் காரணம். நான் மொன்றியலில் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் நடுவில் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள். வாயும் கொஞ்சம் நீளம். அதனால் ரொறன்ரோ மாமியின் கண் ஒப்பரேசன் திகதியும் என் கைபேசிக்குத்தான் வரும், லாவாலில் சித்தியின் ஃபிரிட்ஜ் திருத்த வருகிறவனும் என்னிடம்தான் வழி கேட்பான். ஒருமுறை, "உங்கள் பல்செட் தயார், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு பெண் மிகவும் அன்பாகச் சொன்னாள். என் பற்கள் எல்லாம் என்னிடமே இருந்தன. விசாரித்துப் பார்த்தால் அது சித்தியின் சிநேகிதிக்கு வந்த அழைப்பு.

"நீ குறை நினைக்கமாட்டாய் எண்டுதான் உன்ர நம்பரைக் குடுத்தனான்" என்றார் சித்தி.

குறை நினைக்கத்தான் செய்தேன். ஆனாலும் பல்செட்டை எடுக்கச் சொல்லி அந்த அம்மாவுக்கு அறிவித்தேன். என் பிழைப்பு அப்படி.

அக்காவும் அத்தானும் இருப்பது மேற்கே, பைன் மரக் காடுகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பட்டணத்தில். அத்தானுக்கு அங்கே மர ஆலையில் வேலை கிடைத்துப் போனவர்கள், வேலை விட்ட பிறகும் அங்கேயே இருந்துவிட்டார்கள். அத்தானின் நுரையீரல் பழுதாகிப் பல வருடம். மூக்கில் குழாய், குழாயின் மறு நுனியில் ஒக்சிசன் மெசின், மெசினின் வயர் சுவரில். மின்சாரம் இருக்கும்வரை அத்தானுக்கு மூச்சுக்குப் பஞ்சமில்லை. மின்சாரம் போனால் கட்டிலுக்கடியில் ஒரு குட்டி சிலிண்டர் உண்டு. அது நெடுநேரம் தாங்காது.

அந்தப் பக்கத்தில் கோடை காய்ந்து, காற்றும் பலமாக அடித்தால், மின்கம்பி மரத்தில் உரசித் தீப்பிடிக்கும் என்று மின்சாரக் கொம்பனியே முன்கூட்டி மின்சாரத்தை நிறுத்திவிடும். அது சரியான காரியம். காடும் ஊரும் எரிவதைவிட ஒரு நாள் இருட்டில் இருப்பது எவ்வளவோ மேல். நிறுத்தியதற்கு நான் ஒருநாளும் கோபிக்கவில்லை. நிறுத்தப் போகிறோம் என்று சொன்னார்களே, அந்தச் சொன்ன விதத்துக்குத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று வேலை முடிந்து டவுன்டவுனில் மெட்ரோவுக்குப் படி இறங்கப் போகிறேன், கைபேசி அடித்தது. பதிவு செய்த குரல். "உங்கள் பாதுகாப்புக்காக உங்கள் பகுதியில் மின்சாரம் நிறுத்தப்படலாம். தயாராக இருங்கள்." அவ்வளவுதான். எந்தப் பகுதி, எப்போது, எவ்வளவு நேரம், ஒன்றும் இல்லை. நான் நிமிர்ந்து தெருவைப் பார்த்தேன். கடைகளில் பட்டப்பகலிலேயே விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. மொன்றியலில் காற்றுக்குப் பயந்து யார் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள்? பதிவு மறுபடி ஓடிக் கொம்பனியின் பெயரைச் சொன்னபோதுதான் கவனித்தேன். அது அக்காவின் கொம்பனி.

படியிலேயே நின்று அக்காவுக்கு எடுத்தேன். வீட்டுத் தொலைபேசி அடிக்கவே இல்லை. அது இன்டர்நெட்டில் ஓடுகிறது, மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். அப்படியென்றால் அங்கே ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள். கைபேசி? என் அருமை அக்கா கைபேசியை அவசரத்துக்கென்று வைத்திருக்கிறாள். அவசரத்துக்குச் சார்ஜ் மிஞ்ச வேண்டும் என்பதற்காக அதை எப்போதும் அணைத்துக் கைப்பைக்குள் வைத்திருப்பாள். கடவுளே, இவளை என்ன செய்வது!

கொம்பனிக்கு எடுத்தேன். ஒன்றை அமுக்கு, நாலை அமுக்கு என்று சுற்றவிட்டுக் கடைசியில் ஒரு மனிதக் குரல் வந்தது. அத்தானின் மெசினைப் பற்றிச் சொன்னேன்.

"எங்கள் பதிவில் வாடிக்கையாளருக்கு அறிவித்தாயிற்று என்று இருக்கிறது" என்றான் அவன்.

"அந்த அறிவித்தல் எனக்குத்தான் வந்தது. நான் மொன்றியலில் நிற்கிறேன்."

"ஆம். அறிவித்தாயிற்று."

அவனோடு கத்துவதற்கு எனக்கு நிறைய ஆசை இருந்தது, நேரம் இல்லை. வைத்துவிட்டு அவசர உதவிக்கு எடுத்தேன். "பொன்ஷூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக்கொண்டு மொன்றியல்காரி ஒருத்தி வந்தாள். நாட்டின் மறு முனையில் இருக்கிற ஒரு வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லி இங்கே இருந்து கேட்கிறேன் என்பதை அவளுக்குப் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினேன். அவள் பதறவில்லை, என்னையும் பதற விடவில்லை. கண்டுபிடித்து அந்த ஊர்த் தீயணைப்புக்காரரோடு என்னை இணைத்துவிட்டாள். அவள் யாரோ, நன்றாக இருக்க வேண்டும்.

நான் மெட்ரோவில் ஏறவில்லை. நிலத்துக்கடியில் போனால் தொடர்பு அறுந்துவிடுமோ என்ற பயம். என் வீடு இருக்கிற நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கமாக நடக்கத் தொடங்கினேன். நடந்துகொண்டே அத்தானுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று தெருவில் வாய்விட்டே சொன்னேன். எதிரே வந்த ஒருவர் விலகி வழி விட்டார்.

கடைசியில் அழைப்பு வந்தது. தீயணைப்புக்காரனின் கைபேசியில் அக்கா.

"என்னடி இது, வீட்டுக்க எல்லாம் பெரிய பெரிய ஆக்கள் நிக்கினம். நீயோ அனுப்பினாய்?"

"அத்தான் எப்பிடி இருக்கிறார்?"

"இருக்கிறார். சின்னச் சிலிண்டரைப் பூட்டி விட்டிருக்கிறன். கறண்ட் போனா வரும்தானே எண்டு இருந்தனாங்கள். கறண்டே இல்லாமல் வருசக்கணக்கா சீவிச்ச சனம் நாங்கள், இதுக்குப்போய் ஆரும் பயப்பிடுவினமோ?"

அதுதான் விஷயம். வேறு யாராவது என்றால் மின்சாரம் போனதும் வெளியே ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் கேட்டிருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு ஊரில் இருந்த யுத்த காலத்துப் பழக்கம். இருட்டினால் விளக்கைக் கொளுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் இருப்பது நிலமட்டத்துக்குக் கீழே உள்ள பேஸ்மென்ட் வீட்டில். மின்சாரம் போனால் பகலிலும் கண் தெரியாது. அக்கா சாமித் தட்டில் இருந்த விளக்கைக் கொண்டுவந்து, திரியை நன்றாகத் தூண்டி, அத்தானின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். ஒக்சிசன் போய்க்கொண்டிருக்கும் குழாய்க்குப் பக்கத்தில்! தீயணைப்புக்காரன் அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அதை அணைத்தானாம்.

"சாமி விளக்கை வாயால ஊதிப்போட்டான்" என்று அக்காவுக்கு மனத்தாங்கல்.

நான் நடைபாதையிலேயே ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அத்தானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மின்சாரம் வந்த பிறகு பத்திரமாகத் திருப்பி அனுப்பினார்கள்.

காட்டுத்தீக்காக மின்சாரத்தை நிறுத்தும்போது கொம்பனிகள் மக்களுக்கு எப்படி அறிவிக்க வேண்டும் என்று விதி எழுதுவதற்காக, அதற்குப் பிறகு அக்காவின் மாகாணத்து மின்சார ஆணைக்குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. எனக்கு அழைப்பிதழா வேண்டும்? பெயரைக் கொடுத்தேன். விசாரணை வீடியோவில் நடந்தது. குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் கணினியை வைத்து, மேலே கறுப்புக் கோட்டும் கீழே வீட்டுப் பாவாடையுமாக உட்கார்ந்தேன்.

கொம்பனியின் வழக்கறிஞர் பண்பான மனிதர். அறிவித்தல்கள் எல்லாம் உரிய இலக்கங்களுக்குப் போய்ச் சேர்ந்ததாகப் படம் போட்டுக் காட்டினார். என் முறை வந்தது.

"போய்ச் சேர்ந்தது உண்மை" என்றேன். "எனக்குத்தான் வந்தது. ஆனால் நீங்கள் என் வீட்டு மின்சாரத்தை நிறுத்தவில்லையே. என் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மெசின் இருக்கிற வீட்டுக்கு ஒருவரும் சொல்லவில்லை."

தலைமை தாங்கிய பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் உங்கள் சகோதரி ஏன் உங்களுடைய இலக்கத்தைக் கொடுத்தார்?"

நல்ல கேள்வி. குத்துகிற கேள்வியும்கூட. ஆனால் அதற்கான பதில் எனக்கு என்றோ தெரியும்.

"நீங்கள் பேசுகிற மொழியில் அவரால் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்லக்கூடிய ஆளின் இலக்கத்தைத் தந்தார். எங்கள் சனம் எல்லாம் அப்படித்தான் செய்யும். வயதானவர்கள் இருக்கிற எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், எங்கோ தூரத்தில் இருக்கிற மகனின், மருமகளின் இலக்கம்தான் இருக்கும். அந்த வயதானவர்களிடம் அவர்களுடைய மொழியில் பேசுங்கள். தங்கள் சொந்த இலக்கத்தைத் தருவார்கள்."

பிறகு கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். 'உங்கள் பகுதி' என்ற பேச்சே வேண்டாம், ஊரையும் தெருவையும் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு நிற்கும், எப்போது வரும் என்று நினைக்கிறீர்கள், அதைச் சொல்லுங்கள். உயிர் காக்கும் மெசின் உள்ள வீட்டில் பதிவுக்குரலை விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஓர் ஆள் ஓர் ஆளோடு பேச வேண்டும். எடுக்கவில்லையென்றால் போய்க் கதவைத் தட்டுங்கள். நிறுத்துவது அதற்குப் பிறகு. என் குரல் உயர்ந்திருக்கிறது என்று எனக்கே கேட்டது. நான் தணிக்கவில்லை.

விதி வந்தது. நான் ஒருத்தி பேசி வந்தது என்று பெருமையடிக்கமாட்டேன், அங்கே பலர் பேசினார்கள். ஆனால் மெசின் உள்ள வீட்டில் ஆளோடு பேச வேண்டும், தேவையானால் மொழிபெயர்ப்பாளரையும் இணைக்க வேண்டும், எடுக்காவிட்டால் கதவைத் தட்ட வேண்டும் என்று எழுதியிருந்ததைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டினேன். குசினியில் வேறு யாரும் இல்லை.

கொம்பனியை மடக்கியது லேசு. அக்காவை மடக்குவதுதான் பெரும்பாடு.

"என்ர நம்பரோ? எனக்கு அவங்களோட கதைக்க வராது. நீ இருக்கிறாய்தானே."

"அக்கா, தமிழ் ஆளை லைனில எடுப்பினம். நீங்கள் 'தமிழ்' எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

"பேந்து பாப்பம்."

அந்தப் 'பேந்து', அதாவது 'பிறகு', எங்கள் வீட்டில் பலவற்றைப் புதைத்த சொல். நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குரலை மாற்றி, கொம்பனிக்காரி போல ஆங்கிலத்தில் எடுத்தேன். முதல்தரம், "எடியே, நீதானே, சாப்பிட்டியோ?" என்றாள். அடுத்த தரம் கோபித்து வைத்துவிட்டாள். அத்தான்தான் பின்னாலிருந்து, மூச்சுக்கு நடுவே, "சொல்லுமப்பா, தமிழ் எண்டு சொல்லும், என்ர சீவனெல்லே இதில கிடக்கு" என்றார். அதற்குப் பிறகு அக்கா விளையாடவில்லை. கைபேசியை அணைப்பதையும் விட்டாள். கொம்பனியில் தன் இலக்கத்தைப் பதியச் சொல்லி என்னையே கேட்டாள்.

அடுத்த கோடையும் காய்ந்தது. ஒரு நாள் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே செய்தி பார்க்கிறேன், மேற்கே காற்று, மின்சாரம் நிறுத்துகிறார்கள், அக்காவின் பட்டணத்தின் பெயரும் இருக்கிறது. என் கைபேசியைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அக்காவுக்கு எடுத்தேன், லைன் பிஸி. மறுபடி எடுத்தேன், பிஸி. மேசையில் கிடந்த பந்தியை மொழிபெயர்க்கப் பார்த்தேன், இரண்டு மொழியும் மறந்துபோயிருந்தன. பேசாமல் என் இலக்கத்தையே விட்டிருக்கலாமோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

வீட்டுக்குப் புறப்படுகிற நேரம் அக்கா எடுத்தாள். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம், கோப்பை தட்டும் சத்தம்.

"நாங்கள் இஞ்ச சமூக மண்டபத்தில. இவருக்கு மெசின் பூட்டியிருக்கு, இஞ்ச ஜெனரேட்டர் ஓடுது. காலமையே கொம்பனிக்காரர் எடுத்திட்டினம். நான் 'தமிழ்' எண்டன். உடன ஒரு பிள்ளை வந்தவ, இந்தியாப் பிள்ளை போல, 'அம்மா, மத்தியானம் கரண்ட் நிறுத்துவாங்க, நாளைக்குத்தான் வரும், வண்டி அனுப்பட்டுமா?' எண்டு கேட்டவ. ஓம், அனுப்புங்கோ எண்டன். வீட்டில விளக்குக் கொளுத்தக்கூடாது எண்டும் சொன்னவ. எனக்குத் தெரியும் பிள்ளை எண்டு சொன்னனான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு சின்னக் கோபமும் இருந்தது, அதை மறைத்து எனக்குப் பழக்கமில்லை.

"காலமை தொடக்கம் இவ்வளவும் நடந்திருக்கு, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"உனக்கு என்னத்துக்கு?" என்றாள் அக்கா. "உன்ர வீட்டில கறண்ட் இருக்குத்தானே."